தொண்ணூறு பேரில் மூன்றாவது

கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டு அதில் பெயர்கள் மேலிருந்து கீழாக இறங்கினால், அது பரீட்சை முடிவு. என் அப்பாவுக்கு அதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் படித்த எவருக்கும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். “வகுப்பில எத்தனையாம் பிள்ளை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் அவர்கள். ரொறொன்ரோவுக்கு வந்து பத்து வருடமாகியும் அந்தக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. நானும் அதை விட்டுப் போகச் செய்யவில்லை. என் மேல் உள்ள பிழை அங்கேதான் தொடங்குகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் எனக்கு மூன்றாம் வருடம். ஆகஸ்ட் மாதத்தில், புதிய ஆட்டப் பருவம் தொடங்க இரண்டரை வாரம் இருக்கும்போது, எங்கள் ஃபுட்போல் அணியின் உடைமாற்றும் அறைக் கதவில் தாள் ஒன்றை ஒட்டினார்கள். ஃபுட்போல் என்றதும் காலால் உதைக்கும் பந்தை நினைக்க வேண்டாம். இது கூர்முனைப் பந்து, தலைக்கவசம், ஒருவரை ஒருவர் மோதி விழுத்துதல் என்று நடக்கும் வட அமெரிக்க ஆட்டம். இதில் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக் என்பவனின் கையில். அதை எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று அவன் மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணியில் நாலு மாமிசமலைகள் அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும். களத்தில் ஒரு நேரத்தில் ஒரு குவாட்டர்பேக்தான் நிற்கலாம். மற்றவர்கள் அவனுக்கு ஏதாவது நடந்தால் என்று ஓரத்தில் காத்திருப்பவர்கள்.

அந்தக் காத்திருப்பவர்கள் விஷயத்தில் எங்கள் கோச் முந்தைய வருடம் நன்றாக அடிபட்டிருந்தார். ஒரே கிழமையில் முதலாமவனுக்கு முழங்கால் போய், இரண்டாமவனுக்குத் தோள் எலும்பு முறிந்து, கடைசியில் பந்தைப் பிடிக்கிற ஒருவனைப் பிடித்து எறிபவனாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவன் எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் எதிரணிக்காரர் மார்போடு அணைத்துக்கொண்டார்கள். இந்த வருடம் அப்படி நடக்காது என்று கோச் சபதம் எடுத்திருந்தார். அதனால் அந்தத் தாளில் குவாட்டர்பேக் என்ற தலைப்பின் கீழ் நாலு பெயர்கள் இருந்தன. மூன்றாவது என்னுடையது.

முதலாமவன் ஐந்தாம் வருடக்காரன். முழங்கால் சுகமாகித் திரும்பியிருந்தான். கலியாணம் நிச்சயமானவன் என்பதாலோ என்னவோ, பேசினால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். இரண்டாமவன் ஒரு பல் வைத்தியரின் மகன். அழகாகச் சிரிப்பான், அழகாக எறிவான், அடி விழப்போகிறது என்றால் கண்ணை மூடிக்கொள்வான். நாலாமவன் அந்த வருடம் புதிதாக வந்தவன். ஆட்ட நாளன்று சீருடை அணிந்து வரிசையில் நிற்க மூன்று குவாட்டர்பேக்குகளுக்கு மட்டும்தான் இடம். நாலாமவன் ட்ராக் சூட்டோடு நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கைதட்டலாம். ஆகவே மூன்றாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் இடையில்தான் உலகமே பிளந்து கிடந்தது. குறைந்தபட்சம் என் உலகம்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில் ரென்னிஸ் பந்தில் கிரிக்கெற் ஆடுவோம். எல்லையிலிருந்து நான் எறிந்தால் விக்கெற் பறக்கும். உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் அதைக் கண்டுவிட்டார். அதற்குப் பிறகு வேறு பந்து, அதே கை.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலை முடிந்து வந்து சாரம் கட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஊரில் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு இருந்தவர், இங்கே மார்க்கம் நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றார். ஆனால் தேநீர் குடிக்கும்போது இப்போதும் அலுவலகக்காரர்தான்.

“லிஸ்ற் போட்டிட்டாங்கள் அப்பா,” என்றேன்.

“எத்தனையாவது?”

“மூண்டாவது.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ரீமில மொத்தம் எத்தனை பேர்?”

“தொண்ணூறு பேர்.”

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேட்ட இரண்டு கேள்விக்கும் சரியான இரண்டு பதில்கள். அந்த இரண்டு பதில்களையும் அவர் மனதுக்குள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியதை நான் கண்ணாலேயே பார்த்தேன். முகம் அப்படியே விரிந்தது. அவிழ்த்துவிட வேண்டிய நேரம் அதுதான். நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தேன்.

“முதலாவது ஆர்?” என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்டா. அம்மாவின் கேள்வி எப்போதும் அதுதான். நான் வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்த காலத்திலும் அதைத்தான் கேட்டவ.

“அவன் ஐஞ்சு வருஷமா இருக்கிறவன் அம்மா.”

“அப்ப அடுத்த வருஷம் நீ ரெண்டாவதா வருவாய்,” என்று அப்பா உடனே பதவி உயர்வு தந்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

அப்பாவின் கையில் தொலைபேசி போனால் வானொலி நிலையம் தேவையில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் ரூஜ் பக்கத்தில் இருந்த பெரியம்மா வீட்டிலிருந்து மொன்றியலில் இருந்த சித்தப்பா வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கத்தில் அப்பாவின் பள்ளித்தோழர் ஒருவரின் புதுவீட்டுக் குடிபூரல். அந்த மனிதரின் மகன் ஏதோ கணிதப் போட்டியில் மாகாணத்தில் பேர் வாங்கியவன். அதைக் கேட்டுக் கேட்டு அப்பா இரண்டு வருடமாகப் புழுங்கிக்கொண்டிருந்தார். பாயசக் கோப்பை கைக்கு வந்ததும் தொடங்கிவிட்டார்.

“தொண்ணூறு பேரில மூண்டாவது. அதுவும் அவங்கட விளையாட்டில.”

“சும்மா சொல்லாதையும்!” என்றார் வீட்டுக்காரரான மார்க்கம் அங்கிள்.

“அவனையே கேளும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஓம் அங்கிள், மூண்டாவதுதான்,” என்றேன். ஒருவர் தோளைத் தட்டினார். நான் மற்றத் தோளையும் கொஞ்சம் முன்னால் கொடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நிலத்தில் விழுந்து விழுந்து முழங்கையெல்லாம் தோல் உரிந்து, பயிற்சிக் களத்தில் ஒருநாளும் யாரும் சபாஷ் சொல்லாத ஒருவனுக்கு, அந்த வீட்டில் வடையும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது.

“முதல் மட்சுக்கு நாங்கள் எல்லாரும் வாறம்,” என்றார் மார்க்கம் அங்கிள். “நான் வான் கொண்டு வாறன்.” இன்னும் இரண்டு பேர் தாங்களும் வான் கொண்டு வருவதாகச் சொன்னார்கள். நான் கையிலிருந்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன். ஏனென்றால் அப்பாவுக்குத் தெரியாத இன்னொன்று எனக்குத் தெரியும். இந்தப் பரீட்சையில் முடிவு ஒருமுறை வந்து முடிவதில்லை. தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் ஒட்டுவார்கள். எனக்குக் கீழே இருந்த பெயர் அந்தப் புதியவனுடையது.

அவன் வடக்கே, பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் போக வேண்டிய சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவன். கை என்றால் அது கை. அவன் எறிந்த பந்து தலைக்கு மேலால் போகும்போது இரைச்சல் கேட்கும். நான் முழுப்பலத்தோடு எறியும் தூரத்தை அவன் கதைத்துக்கொண்டே எறிவான். ஆனால் அவனுக்கு ஆட்டக்கோப்பு ஏறவில்லை. அது இரண்டு அங்குலத் தடிப்பான கோப்பு. நூற்று நாற்பது ஆட்டமுறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு எண்ணும் பெயர். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேரில் யார் எங்கே ஓட வேண்டும், எத்தனை யார், அதாவது எத்தனை கெஜம், போய்த் திரும்ப வேண்டும் என்று வட்டங்களும் அம்புக்குறிகளும். கோச் “நீலம் முப்பத்திரண்டு” என்று கத்தினால் புதியவன் வானத்தைப் பார்ப்பான். எனக்கு நூற்று நாற்பதும் தண்ணி பட்ட பாடு.

அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே படிப்பு அதுதான். வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி, அங்கும் இங்கும் நடந்து பாடமாக்குவது. அதற்கு மேல் எனக்கு அக்கா இருந்தாள். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பகலில் வங்கியில் காசாளர், பின்னேரத்தில் கணக்கியல் பரீட்சைக்குப் படிப்பவள். தடித்த கோப்பு ஒன்று மேசையில் கிடந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். ஒருநாள் என் ஆட்டக்கோப்பைத் திறந்து, “உதென்ன, எறும்பு ஊர்ந்தமாதிரிக் கிடக்கு?” என்று கேட்டாள். விளக்கினேன். அடுத்த நாளே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். எழும்பி நிற்க வேண்டும், கையைப் பின்னால் கட்ட வேண்டும், வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் ஒப்புவிக்க வேண்டும். பிழை விட்டால் முதலிலிருந்து. ஒரு கிழமைக்குள் கோப்பைப் பார்க்காமலே பிழை பிடிக்கிற நிலைக்கு அவள் வந்துவிட்டாள். கோச் வரைந்த படங்களில் ஒன்றில் பதின்மூன்று பேர் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான்.

குடிபூரல் முடிந்த மறுநாள், பயிற்சி முடிந்து நான் பஸ்ஸுக்கு நடந்தபோது புதியவன் வீதியோரக் கல்லில் குந்திக்கொண்டிருந்தான். அன்று கோச் அவனை எல்லார் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். தான் ஊருக்கே திரும்பிப் போய்விடப் போவதாகவும், தன் மண்டைக்கு இது சரிவராது என்றும் சொன்னான். பிறகு, நீ மட்டும் எப்படி இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிறாய் என்று கேட்டான்.

பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் மூன்றாம் இடம் என் சட்டைப் பையில். ஏன் ஏறவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பாவமாக இருந்தது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்கு எவ்வளவு தெரியும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்ற பெருமைப் புழுகம். பின்னேரங்களில் சோறு போடுவார்கள் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா புட்டும் மீன்குழம்பும் கொடுத்தா. அவனுக்கு மூக்கால் தண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டு இன்னொருமுறை போடச் சொன்னான். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா கோப்போடு வந்து நின்றாள். இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தினாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவன் என்னிடம் கேட்க, நான் ‘அக்கா’ என்றேன். அன்றிலிருந்து அந்த வெள்ளைக்காரப் பெருமலை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது.

ஐந்து பின்னேரங்கள் வந்தான். வாய்ப்பாட்டு ராகம் அவனுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. ஆறடி மூன்றங்குல உயரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுச் சாமிப்படங்களுக்கு முன்னால் நின்று “நீலம் முப்பத்திரண்டு” என்று அவன் ராகம் இழுக்கும்போது அம்மா குசினி வாசலில் வந்து நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. அக்கா என்னைத் தமிழிலும் அவனை ஆங்கிலத்திலும் திட்டினாள். அவனுக்குக் குறைவாகத் திட்டு விழுந்ததற்குக் காரணம் மொழிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவன் பிழை விடுவது குறைந்துகொண்டு வந்தது.

பயிற்சியின் கடைசி வியாழக்கிழமை கோச் எங்கள் இருவரையும் களத்தின் நடுவில் நிறுத்தினார். அவர் எப்போதும் சூரியகாந்தி விதை மென்று துப்பிக்கொண்டிருப்பார். துப்பிவிட்டு ஒரு ஆட்டமுறையின் பெயரைக் கத்துவார். பன்னிரண்டு பேரும் எங்கே போவார்கள் என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிய வேண்டும். நான் இருபதுக்கு இருபது. புதியவன் பத்தொன்பது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பதைக் கண்டு கோச் ஜெபம் சொல்கிறான் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவன் எறிந்தான். நானும் எறிந்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை கதவில் புதிய தாள். நாலாவது நான்.

கோச் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. உனக்கு எல்லாம் தெரியும், இப்போது அவனுக்கும் தெரிகிறது, ஆனால் அவன் உன்னைவிடப் பதினைந்து யார் தூரம் எறிகிறான் என்றார். பத்து நாளில் அவனுக்கு யார் இதை ஏற்றிவிட்டது என்று கேட்டார். என் அக்கா என்றேன். அவர் விதையை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், கொஞ்சநேரம் இருமினார். பிறகு ஆட்ட நாளில் தன் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். கோச் சொல்லும் ஆட்டமுறையைக் களத்தில் இருக்கும் குவாட்டர்பேக்குக்குக் கைச்சாடையால் அறிவிக்க ஒருவன் வேண்டும். கோப்பு முழுவதும் தலையில் உள்ளவன் நான்தான், சீருடை இல்லாமலும் அதைச் செய்யலாம் என்றார்.

வீட்டுக்குப் போய் அக்காவோடு சண்டை பிடித்தேன். “நீதான் என்னை விழுத்தினனீ,” என்று கத்தினேன்.

“ரெண்டு பேரிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டனான்,” என்றாள் அவள், கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். “அவன் தூர எறியிறான் எண்டா அதுக்கு நான் என்ன செய்ய? ஆர் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது?”

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் அழுதேன். இருபத்தொரு வயதில் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன் என்பதைச் சொல்வதில் இப்போது எனக்குக் கூச்சமில்லை. வெளியே வந்தபோது அக்கா கதவடியில் நின்றாள்.

“அப்பாவுக்கு நீ சொல்லுறியோ, நான் சொல்லட்டோ?”

“நான் சொல்லுறன்.”

சொல்லவில்லை. அப்பா அடுத்த நாள் போட நீலச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டி ஒன்றும் எடுத்து வைத்திருந்தார். விளையாட்டுப் பார்க்கப் போக கழுத்துப்பட்டியா என்று நான் கேட்டதற்கு, “பரிசளிப்பு விழாவுக்குப் போறமாதிரித்தானே,” என்றார். நான் ஆட்டக்கோப்பை எடுத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பிப் போனேன்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று வான்களும் வந்தன. ஒன்று வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்து வந்திருந்தது. அந்தக் குடும்பத்தை எனக்கு யாரென்றே தெரியாது. அரங்கின் நடுப்பகுதியில் இருபது பேருக்கு மேல் ஒரு வரிசையை நிரப்பினார்கள். சேலைகள், குளிர்கண்ணாடிகள், ஐஸ்கிரீம் டப்பாக்களில் ரோல்ஸும் வடையும். எங்கள் அணி வரிசையாக ஓடி வந்தது. அப்பா எழுந்து நின்று தலைக்கவசங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தேடியதை நான் பார்த்தேன். நான் தலைக்கவசத்துக்குள் இல்லை. ட்ராக் சூட்டும் மஞ்சள் தொப்பியும் போட்டுக்கொண்டு கோச்சின் பக்கத்தில் நின்றேன். அப்பா என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். பாதியில் அந்தக் கை நின்றது. அந்த அரைக்கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆட்டம் தொடங்கியது. கோச் காதுக்குள் சொல்வார், நான் கைச்சாடை காட்டுவேன். தொப்பியைத் தொட்டால் நிறம் நீலம். முழங்கையைத் தட்டினால் முப்பது. காதைப் பிடித்து வயிற்றைத் தடவினால் வேறொன்று. நான் காட்டி முடியும் வரை களத்தில் பன்னிரண்டு பேரும் அசையமாட்டார்கள். காட்டினதும் ஓடுவார்கள். இதைத்தான் மேலே இருந்த எங்கள் வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நடந்ததை அக்கா பிறகு எனக்கு நடித்துக் காட்டினாள்.

முதலில் ஒருவரும் வடை டப்பாவின் மூடியைத் திறக்கவில்லையாம். பிறகு மார்க்கம் அங்கிள் மெல்ல, “உவன் ஏன் உடுப்புப் போடேல்லை?” என்று கேட்டாராம். அப்பா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினாராம். இரண்டு மூன்று ஆட்டம் போனபின் ரூஜ் பெரியம்மாதான் கண்டுபிடித்தாவாம். “பாருங்கோ, இவன் கையைக் காட்டினாப் பிறகுதான் எல்லாரும் ஓடுகினம்!” அதிலிருந்து வரிசை முழுக்க என்னையே பார்த்தது. அக்காவுக்குச் சாடைகள் எல்லாம் தெரியும். அவளோடுதானே வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அவற்றைப் பழகினேன், சண்டை பிடித்த கையோடு. “இப்ப இடப்பக்கம் எறிவான்,” என்பாள். எறிவான். “இப்ப ஓடுவான்.” ஓடுவான். ஸ்ரௌவ்வில்காரர் அவளை ஏதோ சாத்திரம் பார்க்கிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாராம். நல்லவேளை, எல்லாம் தமிழில் நடந்தது. எதிரணி ஆதரவாளர்கள் இரண்டு வரிசை முன்னால்தான் இருந்தார்கள்.

கடைசியில் மார்க்கம் அங்கிளே தீர்ப்பு வழங்கிவிட்டார். “விளங்குது. மூண்டாவதா வந்த பொடியனை உதவிக் கோச்சாப் போட்டிட்டாங்கள். மூளையைப் பாவிக்கிறாங்கள்.” அப்பா கழுத்துப்பட்டியைத் திரும்ப இறுக்கினாராம்.

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசிக் கால்பகுதியில் முதலாமவனுக்குக் கணுக்கால் பிசகியது. இரண்டாமவன் போனான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய ஓர் அடியில் மூச்சு அடைத்துப் படுத்துவிட்டான். கோச் திரும்பிப் பார்த்தார். புதியவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினான். என் இடத்திலிருந்து அவன் ஓடினான் என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். பொறாமை என்றால் உடம்பில் எந்த இடத்தில் எரியும் என்று எனக்கு அன்று தெரிந்தது.

அவன் என்னைப் பார்த்தான். நான் சாடை காட்டினேன். அவன் உதடுகள் அசைந்தன. ராகம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. பந்தை வாங்கி, இரண்டு அடி பின்னால் வைத்து, எறிந்தான். நாற்பத்தைந்து யார். பிடிக்க வேண்டியவன் ஓடிக்கொண்டே பிடித்தான். நான் மேலே துள்ளியதில் தொப்பி விழுந்துவிட்டது. எரிந்ததும் உண்மை, துள்ளியதும் உண்மை. மேலே பார்த்தால் அக்கா கதிரையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம், ஆனால் எங்கள் வரிசையில் ஒருவருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் மார்க்கம் அங்கிள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கோச் தம்பி, கெட்டிக்காரன்!” என்றார். அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். வான்கள் புறப்பட்டன. அம்மாவும் அக்காவும் பெரியம்மாவோடு போனார்கள். நானும் அப்பாவும் மட்டும் எங்கள் பழைய காரில். அப்பா சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த விசில்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

“அப்பா, நான் கோச் இல்லை. மூண்டாவதும் இல்லை. நாலாவது.”

விசில் நின்றது. “தொண்ணூறு பேரில நாலாவதும் நல்லதுதானே.”

“தொண்ணூறு பேரில இல்லை.”

“பின்ன, எத்தனை பேரில?”

“நாலு பேரில.”

சிவப்பு விளக்கு. கார் நின்றது. அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்ப, முதல் மூண்டாவது எண்டு சொன்னது?”

“அதுவும் நாலு பேரிலதான்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அப்பா காரை எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வீதி முழுக்கக் கேட்கிறமாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை ஓரமாக்கினார்.

“நாலு பேரில நாலாவது,” என்றார். “அதுக்கு மூண்டு வான்!” திரும்பவும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. “ஏன்ரா எனக்குச் சொல்லேல்ல?”

“நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள்.”

என் பின்கழுத்தில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தார். “உந்த மார்க்கத்தானுக்கு மட்டும் சொல்லிப்போடாத,” என்றார்.

இரண்டு கிழமை கழித்து எங்கள் மைதானத்தில் அடுத்த ஆட்டம். காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. இந்தமுறை வான்கள் இல்லை. ஆளாளுக்கு வேலை, கலியாணம், கோயில் என்று ஏதோ இருந்தது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது அப்பா வாசலில் குந்தியிருந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டும் போட்டிருந்தார்.

“எங்க போறீங்கள்?”

“மட்சுக்கு.”

“அப்பா, நான் ஆடமாட்டன். இண்டைக்கு மட்டுமில்லை, இந்த வருஷம் முழுக்கவும் ஆடமாட்டன். அடிபட்ட ரெண்டு பேரும் சுகமாகிட்டாங்கள்.”

“ஓம், தெரியும்,” என்றார், மற்றச் சப்பாத்தின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. “நீ அங்க நிப்பாய்தானே?”